கீழ்த்தாடை நரம்புக் கால்வாய்: ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிற கேள்விகள்

தர்மபுரியில் பல், தாடை ஸ்கேன்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. பாலக்கோடு, பென்னாகரம், அரூர், காவேரிப்பட்டணம், ஊத்தங்கரை என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வருகிறவர்கள் ரிப்போர்ட்டை வாங்கியதும் கேட்கிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். ‘வேரியேஷன்’ (இயல்பான அமைப்பு வேறுபாடு) என்று ஒரு வரி இருந்தால் போதும், கட்டியா கேன்சரா என்று முகம் வெளிறிவிடும். இன்னும் சிலர் அந்த வரியை யாருக்குமே காட்டாமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பல் எடுக்கப் போய்விடுகிறார்கள். எனக்கு இந்த இரண்டும் கவலைதான். அதனால் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன். கடைசியில் வருபவை இளம் பல் மருத்துவர்கள் போனில் கேட்டவை, கொஞ்சம் கடினமானவை.

தாடைக்குள்ள நரம்புக் கால்வாய்னு சொல்றீங்களே, அது என்ன?

காதுக்குக் கீழே தாடை எலும்பு மேல்நோக்கித் திரும்புகிறதல்லவா, அதன் உட்பக்கத்தில் ஒரு துளை இருக்கிறது. அதன் வழியாக ஒரு நரம்பும் கூடவே ரத்தக்குழாய்களும் எலும்புக்குள் நுழைகின்றன. கடவாய்ப்பற்களின் வேர்களுக்கு அடியில் ஓடி, முன்கடவாய்ப்பற்களுக்குக் கீழே இன்னொரு துளைக்கு வருகின்றன. அங்கே நரம்பின் ஒரு பெரிய கிளை வெளியே வந்து உதட்டுக்குப் போகிறது. இந்த இரண்டாவது துளைக்கு மென்டல் துளை என்று பெயர். இரண்டு துளைகளுக்கும் நடுவே எலும்புக்குள் இருக்கும் குழாய்தான் நரம்புக் கால்வாய். அகலம் சுமாராக 3 மில்லிமீட்டர்.

அந்தப் பக்கத்துக் கீழ்ப்பற்கள், கீழ் உதடு, முகவாய் ஆகியவற்றின் உணர்வெல்லாம் இந்த நரம்பில்தான் போகிறது. உதட்டை அசைப்பது வேறு நரம்பு. அதனால் இந்த நரம்புக்கு அடிபட்டால் உதடு மரத்துப்போகும், ஆனால் வாய் கோணாது. “வாய் கோணிக்கும்னு சொல்றாங்களே” என்று பயந்து வருகிறவர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லாருக்கும் ஒரே மாதிரிதானே இருக்கும்?

இருக்காது. சிலருக்கு வேர் நுனியை ஒட்டியே ஓடும், சிலருக்குத் தாடையின் அடிவிளிம்புப் பக்கமாகத் தாழ்ந்து ஓடும். சிலருக்கு நடுவில் இரண்டாகப் பிரியும், மூன்றாகப் பிரிவதும் உண்டு, ஆனால் அது குறைவு. பிரிந்த கிளை மறுபடி சேர்ந்துகொள்ளலாம், ஒரு பல்லின் வேரோடு முடியலாம், இல்லை ஞானப்பல்லுக்குப் பின்னால் மேலே ஏறி ஈறுப்பக்கம் திறக்கலாம். இந்தக் கடைசி வகையை ரெட்ரோமோலார் கால்வாய் என்பார்கள். மென்டல் துளையே ஒரு பக்கத்தில் இரண்டாக இருப்பவர்களும் இருக்கிறார்கள். இடப்பக்கம் ஒரு மாதிரி, வலப்பக்கம் வேறு மாதிரி இருப்பதும் சகஜம்.

ரிப்போர்ட்ல ‘பைஃபிட் கேனால்’னு போட்டிருக்கு. இது நோயா? மருந்து சாப்பிடணுமா?

நோய் இல்லை, மருந்தும் வேண்டாம். கால்வாய் இரண்டாகப் பிரிந்திருக்கிறது, அவ்வளவுதான். அது இருப்பதால் வலி வராது, பல் ஆடாது, வளர்ந்து வேறொன்றாக மாறவும் மாறாது. நீங்கள் பல் எடுக்கவோ இம்பிளான்ட் (எலும்பில் பொருத்தும் செயற்கைப் பல் வேர்) வைக்கவோ தாடை ஆபரேஷன் செய்துகொள்ளவோ போகும் நாளில்தான் அந்த வரிக்கு வேலை. அன்றைக்கு அது டாக்டர் கண்ணில் கட்டாயம் பட வேண்டும். அதனால் ரிப்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இது பிறவியிலேயே வந்ததா, நடுவுல வந்ததா?

தாயின் வயிற்றிலேயே அமைவது. கருவில் தாடை உருவாகும்போது முன்பற்களுக்கு ஒன்று, பால் கடவாய்ப்பற்களுக்கு ஒன்று, நிரந்தரக் கடவாய்ப்பற்களுக்கு ஒன்று என மூன்று தனித்தனிக் கால்வாய்கள் உண்டாகின்றன என்று கருக்களின் தாடைகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 1996-இல் வெளிவந்தது. அவை பிற்பாடு ஒன்றாகச் சேர்கின்றன. முழுதாகச் சேராமல் நின்ற இடத்தில்தான் இரண்டு கால்வாய் தெரிகிறது என்பது அந்த விளக்கம்.

நம்ம ஊர்த் தண்ணியில ஃபுளோரைடு ஜாஸ்தி. பல்லு பூரா கறை. அதனாலதான் நரம்பும் இப்படி ஆயிடுச்சா?

இல்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது ஊரறிந்த விஷயம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஒரு லிட்டர் தண்ணீரில் 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்றும், வேறு நீர் கிடைக்காத நிலையில் 1.5 வரை போகலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. அதற்கு மேல் உள்ள போர்த் தண்ணீரைச் சின்ன வயதில், எனாமல் உருவாகும் வருடங்களில் குடித்தவர்களுக்குப் பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கோடு விழுகிறது. பல வருடம் மிக அதிகமாகக் குடித்தால் எலும்பின் அடர்த்தியும் கூடும்.

ஆனால் இரண்டுக்கும் கால்வாய் எந்த வழியில் ஓடுகிறது என்பதற்கும் சம்பந்தம் இல்லை. வழி கருவிலேயே முடிவாகிவிட்டது, மேலே சொன்ன மாதிரி. இதைக் கேட்கும்போது அம்மாக்கள் பலர் தங்கள் மேலேயே பழி போட்டுக்கொள்வதைப் பார்க்கிறேன். “பிள்ளைக்கு அந்தத் தண்ணியைத்தான் கொடுத்தேன்” என்று. இந்த விஷயத்தில் அந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டியதில்லை.

ஓபிஜி எடுத்தாச்சே, மறுபடி எதுக்கு சிபிசிடி? காசு பிடுங்கவா?

காசு விஷயத்தில் சந்தேகம் வருவது நியாயம்தான். ஒரு ஆள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு சேலத்துக்கோ பெங்களூருக்கோ ஸ்கேனுக்காகப் போய்வர வேண்டியிருக்கிறது. அதனால் எல்லோருக்கும் சிபிசிடி, அதாவது தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் ஸ்கேன், தேவையே இல்லை என்பதை முதலில் சொல்கிறேன். ஓபிஜி என்கிற எக்ஸ்ரேயில் வேரும் கால்வாயும் நல்ல இடைவெளியோடு தெரிந்தால் அதுவே போதும்.

ஓபிஜி முழுத் தாடையையும் ஒரே தட்டையான படமாகக் காட்டும். உயரம் தெரியும், ஆழம் தெரியாது. சுவரில் விழும் நிழலை மட்டும் பார்த்து, இரண்டு கைகளில் எது முன்னால் எது பின்னால் என்று சொல்ல முடியுமா? அதே சிக்கல்தான். வேரின் மேல் கால்வாய் விழுந்த மாதிரி ஓபிஜியில் தெரிந்தால், நரம்பு கன்னப் பக்கம் போகிறதா, நாக்குப் பக்கம் போகிறதா, இல்லை வேர்களுக்கு நடுவிலேயே போகிறதா என்று தெரிந்துகொள்ள சிபிசிடிதான் வழி. ஓபிஜியில் உருவம் இருபது முப்பது சதவீதம் பெரிதாகவும் தெரியும், அதனால் ஸ்கேல் வைத்து அளப்பதும் சரிவராது.

வித்தியாசம் எவ்வளவு என்று காட்ட இரண்டு எண்கள். அமெரிக்காவில் 1985-இல் வெளியான ஆய்வில் 6000 ஓபிஜி படங்களைப் பார்த்து 57-இல்தான் பைஃபிட் கண்டார்கள், அதாவது ஒரு சதவீதம்கூட இல்லை. ஜப்பானில் 2009-இல் சிபிசிடி வைத்து 122 பேரைப் பார்த்தபோது சுமார் 65 சதவீதம் பேருக்குத் தெரிந்தது. மெல்லிய கிளைகளையும் சேர்த்து எண்ணியது இதற்கு ஒரு காரணம், ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடும் உண்டு. ஆனாலும் தட்டைப் படத்தில் எவ்வளவு மறைந்துபோகிறது என்பது இதிலேயே தெரிகிறது.

ரெண்டு ஸ்கேன் எடுத்தா கதிர்வீச்சு ஆபத்து இல்லையா?

ஓபிஜிக்குப் பெரும்பாலும் 25 மைக்ரோசீவர்ட்டுக்குள்தான் (கதிர்வீச்சை அளக்கும் அலகு அது). மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாகவே நம் உடம்பில் விழுவது உலகச் சராசரியாக வருடத்துக்குச் சுமார் 2400. ஆக, ஒரு ஓபிஜி என்பது மூன்று நான்கு நாள் சும்மா இருந்தாலே வருகிற அளவு. சிபிசிடிக்கு இது சில பத்துகளிலிருந்து சில நூறுகள் வரை போகும், எவ்வளவு பெரிய பகுதியை எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஒரு ஞானப்பல்லுக்காக முகம் முழுவதையும் எடுக்க வேண்டியதில்லை. “அந்தப் பகுதிக்கு மட்டும் போதுமா?” என்று தாராளமாகக் கேளுங்கள்.

கர்ப்பமாக இருந்தால், இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தாலும், படம் எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். அவசரம் இல்லாத ஸ்கேனைத் தள்ளிப்போடலாம். எக்ஸ்ரே மிஷின் வைத்திருக்கும் இடங்களுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

தோடு, மூக்குத்தி, செயின் எல்லாம் கழட்டியே ஆகணுமா?

ஆகணும். தோட்டோடு ஓபிஜி எடுத்தால் அது இருக்கும் இடத்தில் வெள்ளையாக விழுவதோடு நிற்காது. எதிர்ப்பக்கத்தில், கொஞ்சம் மேலே, பெரிதாகவும் மங்கலாகவும் இன்னொரு தோடு தெரியும். அந்த மங்கல் சரியாகக் கால்வாய் மேலேயோ வேர் மேலேயோ விழுந்துவிட்டால் படமே வீண், மறுபடி எடுக்க வேண்டும். கழற்ற வராத மூக்குத்தி இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள், எந்தப் பகுதியைப் பார்க்கப் போகிறார்கள் என்பதைப் பொறுத்து முடிவு செய்வார்கள். சிபிசிடி சுற்றும்போது ஆடக்கூடாது, எச்சில் விழுங்கவும் கூடாது. ஒரு மில்லிமீட்டர் அசைந்தாலும் கால்வாயின் ஓரம் இரட்டையாகத் தெரியும்.

மூணு ஊசி போட்டும் பல்லு மரக்கவே இல்ல. எனக்கு நரம்பு கோளாறா?

பெரும்பாலும் கோளாறு இல்லை. முதல் காரணம், பல்லுக்குள் கடுமையான வீக்கமும் கிருமியும் இருப்பது. அந்த நிலையில் மரப்பு ஊசி சரியாக வேலை செய்யாது. இரண்டாவது, மருந்து நரம்புக்குப் பக்கத்தில் சேராமல் போவது. இவை இரண்டும் இல்லையென்றால் மாற்றுப் பாதையை யோசிக்க வேண்டும். உதடு நன்றாக மரத்திருக்கிறது, பல் மட்டும் வலிக்கிறது என்றால், அந்தப் பல்லுக்கு வேறொரு கிளை வழியாகவும் உணர்வு போகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். ரெட்ரோமோலார் கால்வாயில் வரும் கிளை அப்படிப்பட்டது. நாக்குக்கு அடியில் இருக்கும் தசைக்குப் போகிற நரம்பின் கிளையும் சிலருக்குப் பல்லை எட்டுகிறது.

இதற்கு வழி இருக்கிறது. 1973-இல் ஆஸ்திரேலியாவின் கோ-கேட்ஸும் 1977-இல் அகினோசியும் எழுதிய முறைகளில் ஊசியை வழக்கத்தைவிட மேலே, நரம்பு கிளை பிரியும் இடத்துக்கு அருகில் போடுவார்கள். அகினோசி முறையை வாய் திறக்க முடியாதவர்களுக்கும் போடலாம். பல்லைச் சுற்றியே தனியாகவும் மருந்து விடலாம். மரக்கவில்லை என்றால் கையைத் தூக்கிச் சொல்லுங்கள். பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது தைரியமில்லை, தேவையும் இல்லை. அடுத்த முறை எந்த டாக்டரிடம் போனாலும், “போன தடவை உதடு மரத்தது, பல்லு மரக்கல” என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லுங்கள். அது அவருக்கு நிறையவே உதவும்.

ஞானப்பல் வேரு நரம்புல ஒட்டியிருக்குன்னு சொல்றாங்க. எடுக்கலாமா, வேணாமா?

ஓபிஜியில் சில அடையாளங்களைப் பார்த்துத்தான் அப்படிச் சொல்கிறார்கள். 1990-இல் ரூட், ஷெஹாப் என்ற இருவர் இப்படி ஏழு அடையாளங்களைத் தொகுத்தார்கள். கால்வாய் கடக்கும் இடத்தில் வேர் கறுத்துத் தெரிவது, கால்வாயின் வெள்ளை ஓரக்கோடு அறுந்து தெரிவது, வேருக்குப் பக்கத்தில் கால்வாய் சட்டென்று வளைவது ஆகிய மூன்றும் அவற்றில் முக்கியமானவை. இவற்றில் ஒன்று இருந்தால் சிபிசிடி கேட்பது நியாயமான செலவு.

எடுக்கலாமா என்பதற்கு என் கருத்து இதுதான்: தொந்தரவே கொடுக்காத, நோயும் இல்லாத பல்லை, நரம்போடு ஒட்டியிருக்கும்போது, சும்மா எடுக்க அவசரப்பட வேண்டாம். அடிக்கடி சீழ் பிடிக்கிறது, முன்னால் இருக்கும் பல்லைச் சொத்தையாக்குகிறது என்றால் எடுத்துத்தான் ஆக வேண்டும். நடுவழியும் உண்டு. பல்லின் தலைப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, வேரை அப்படியே விட்டுவிடுவது. கரோனெக்டமி என்பார்கள். வேரில் கிருமி இருந்தாலோ பல் ஆடிக்கொண்டிருந்தாலோ அது ஒத்துவராது.

பல்லு எடுத்து ஒரு வாரம் ஆச்சு. உதடு இன்னும் மரத்தே இருக்கு. சரியாயிடுமா?

பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடும், ஆனால் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். நரம்பு நசுங்கியிருந்தால் சீக்கிரம் தேறும், அறுந்திருந்தால் தானாகச் சேருவது கடினம். எடுத்த டாக்டரிடமே முதலில் போய்ச் சொல்லுங்கள். மரத்துப்போன இடத்தின் எல்லையைத் தொட்டுப் பார்த்துக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள், சில வாரம் கழித்து அதே மாதிரி பார்த்தால் சுருங்குகிறதா என்று தெரியும். எறும்பு ஊர்கிற மாதிரி, குத்துகிற மாதிரி இருக்க ஆரம்பித்தால் அது பெரும்பாலும் நல்ல அறிகுறி. மூன்று மாதமாகியும் ஒரு மாற்றமும் இல்லையென்றால் முகத்தாடை அறுவை சிகிச்சை நிபுணரைப் பார்க்க வேண்டும், அதற்கு மேல் தள்ளிப்போடக் கூடாது. அதுவரை சூடான டீ, காபி கவனம். உதடு வெந்தாலும் தெரியாது.

மரத்தது நாக்கு என்றால் அது வேறு நரம்பு. எலும்புக்குள் ஓடாமல் ஈறுக்குள்ளேயே உட்பக்கமாகப் போகிறது, சிபிசிடியில் தெரியாது.

இம்பிளான்ட் வைத்த பிறகு இப்படி என்றால் ஒரு வாரம் காத்திருக்கவே கூடாது. ஊசியின் மரப்பு சில மணி நேரத்தில் போயிருக்க வேண்டும். போகவில்லை என்றால் அன்றைக்கே கூப்பிடுங்கள். இம்பிளான்ட் கால்வாயை அழுத்துகிறதா என்று உடனே படம் எடுத்து, அழுத்தினால் ஒன்றரை நாளுக்குள் கழற்றிவிடுவதுதான் நரம்பைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு.

நான் எந்தப் பல்லும் எடுக்கல, அடியும் படல. ஆனா உதடும் முகவாயும் மரத்துப்போச்சு. வேரியேஷன் இருக்கறதாலதானே?

அதனால் இல்லை. இந்தப் பக்கத்தில் நீங்கள் ஒரே ஒரு பதிலை நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். காரணமே இல்லாமல் ஒரு பக்கக் கீழ் உதடும் முகவாயும் மரத்துப்போவது தாடை எலும்பில் கிருமி பரவியதால் இருக்கலாம், கட்டியால் இருக்கலாம், உடம்பில் வேறெங்கோ இருக்கும் புற்றுநோய் தாடைக்குப் பரவியதால்கூட இருக்கலாம். மார்பகப் புற்றுநோயும் நிணநீர்ப் புற்றுநோயும் இப்படி வெளிப்படுவது மருத்துவத்தில் நன்கு தெரிந்த விஷயம். பயமுறுத்தச் சொல்லவில்லை, சாதாரணக் காரணங்களும் உண்டு. ஆனால் அதே வாரத்தில் போய்க் காட்ட வேண்டும்.

ரிப்போர்ட் எழுதுகிறவர்களும் கவனிக்க வேண்டியது: கால்வாய் இரண்டாகப் பிரிந்திருப்பது வேறு, ஒரே கால்வாய் நீளத்துக்கும் வீங்கின மாதிரி அகன்றிருப்பது வேறு. பின்னதை வேரியேஷன் என்று எழுதிக் கடந்துவிடக் கூடாது. நரம்புக் கட்டியாகவோ ரத்தக்குழாய்க் கோளாறாகவோ இருக்கலாம், இரண்டாவது என்றால் அங்கே பல் எடுத்தால் ரத்தம் நிற்காது.

ஷாக் அடிக்கிற மாதிரி வலி. ரெண்டு பல்லு எடுத்தும் போகல. நரம்பு ரெண்டா இருக்கறதால வலியும் ரெண்டு மடங்கா?

கால்வாய் இரண்டாக இருப்பதால் இப்படிப்பட்ட வலி வராது. முகம் கழுவினால், காற்று பட்டால், பல் துலக்கினால் சில விநாடி மின்னல் மாதிரி வெட்டி, நடுவில் சுத்தமாக வலியே இல்லாமல் இருந்தால், அது ட்ரைஜெமினல் நியூரால்ஜியாவாக இருக்கலாம். பெரும்பாலும் மூளையை ஒட்டிய இடத்தில் ரத்தக்குழாய் ஒன்று நரம்பை அழுத்துவதால் வருவது. பல் எடுத்தால் போகாது, கார்பமசெபின் போன்ற மருந்துக்குக் கட்டுப்படும். மூன்றாவது பல்லை எடுப்பதற்கு முன் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். நல்ல பற்களை வரிசையாக இழந்தவர்களைப் பார்த்துப் பார்த்து மனசு ஆறவில்லை.

எங்க ஆயாவுக்குப் பல்செட்டு போட்டா கீழ ஒரு இடத்துல சுள்ளுன்னு இழுக்குதாம். செட்டு சரியில்லையா?

செட்டும் காரணமாக இருக்கலாம், ஆனால் முன்கடவாய்ப்பல் இருந்த இடத்தில்தான் சுள்ளென்கிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். பல் போன பிறகு வருடக்கணக்கில் எலும்பு மேலிருந்து கரைந்துகொண்டே வரும். முன்பு பக்கவாட்டில் பத்திரமாக இருந்த மென்டல் துளை மெல்ல மேல்விளிம்புக்கே வந்துவிடும். அப்புறம் ஒவ்வொரு முறை மெல்லும்போதும் செட் நேராக நரம்பை அழுத்தும். செட்டின் அடிப்பக்கத்தில் அந்த இடத்தை மட்டும் கொஞ்சம் குடைந்துவிட்டாலே பலருக்கு நிம்மதி கிடைக்கிறது. “வயசானா அப்படித்தான்” என்று சொல்லி ஆயாவைக் களியைக் கரைத்துக் குடிக்க விட்டுவிடாதீர்கள்.

எக்ஸ்ரேல வேருக்குக் கீழ கறுப்பா வட்டமா இருக்கு, ரூட் கேனால் பண்ணணும்னு சொன்னாங்க. ஆனா பல்லு வலிக்கவே இல்லையே?

கீழ் முன்கடவாய்ப்பல் என்றால் கொஞ்சம் பொறுங்கள். மென்டல் துளை அந்த வேர் நுனியின் மேல் விழுந்தால் சீழ்ப்பை மாதிரியே கறுப்பு வட்டமாகத் தெரியும். பல்லுக்கு உயிர் இருக்கிறதா என்று குளிர்ச்சி வைத்துப் பார்ப்பது சில நிமிட வேலை. பல் நன்றாக உணர்ந்து, சொத்தையும் இல்லாமல் இருந்தால், கோணத்தை மாற்றி இன்னொரு சின்ன எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். துளையாக இருந்தால் வட்டம் வேரை விட்டு நகர்ந்துவிடும், நோயாக இருந்தால் வேர் நுனியோடேயே இருக்கும்.

படத்தை வாட்ஸ்அப்ல அனுப்பினா பார்த்துச் சொல்வீங்களா?

சிபிசிடி என்பது ஒரு படம் இல்லை, நூற்றுக்கணக்கான சீவல்கள். பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எடுத்த போட்டோவில் அளவும் போய்விடும், மெல்லிய கோடுகளும் போய்விடும். சிடியையோ பென்டிரைவையோ கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அது உங்கள் பணத்துக்கு எடுத்தது. ஓசூரிலோ பெங்களூரிலோ வேலைக்குப் போகிற பிள்ளைகள் அதைக் கையோடு கொண்டுபோனால், அங்கே இன்னொரு முறை எடுக்க வேண்டியிருக்காது.

ஓபிஜியில ரெண்டு கோடு தெரியுது. பைஃபிட்னு எழுதிடலாமா? (ஒரு இளம் பல் மருத்துவர்)

அவசரப்பட வேண்டாம். தாடையின் உட்பக்கத்தில், நாக்குக்கு அடியில் இருக்கும் தசைக்குப் போகிற மைலோஹையாய்ட் நரம்பு படிந்து போகும் பள்ளம் ஒன்று இருக்கிறது, அதன் ஓரம் ஓபிஜியில் இரண்டாவது கால்வாய் மாதிரியே விழும். எலும்பின் உள்வலைப் பின்னல் தற்செயலாக வரிசையாக அமைந்தாலும் அப்படித் தோன்றும். கால்வாயிலிருந்து தொடர்ச்சியாகக் கிளம்பி, இரண்டு பக்கமும் ஓரக்கோட்டோடு போனால் ‘சந்தேகம்’ என்று எழுதுங்கள். சிகிச்சை அந்த இடத்தில் இருந்தால் சிபிசிடியில் உறுதி செய்யுங்கள், இல்லாவிட்டால் அதற்காக மட்டும் ஒரு ஸ்கேன் வேண்டாம்.

சாஃப்ட்வேர் கால்வாயைச் சிவப்புக் கோடா வரைஞ்சு காட்டுது. அதை வெச்சே பிளான் பண்ணலாமா?

அந்தக் கோடு நரம்பு இல்லை. சிபிசிடியில் நரம்பே தெரியாது, அதைச் சுற்றியிருக்கும் எலும்புச் சுவர்தான் தெரியும். சிவப்புக் கோடு என்பது ஒருவர் புள்ளி வைத்து வரைந்தது, அல்லது புரோகிராம் ஊகித்தது. பெரிய கால்வாயைப் பிடித்துக்கொண்டு கிளையை விட்டுவிடும். மென்டல் துளை நெருங்கும்போது பலருக்குச் சுவரே மங்கிவிடும், அங்கேதான் கோடு அதிகம் தடுமாறும். குறுக்குவெட்டுச் சீவல்களை ஒவ்வொன்றாக நகர்த்தி, துளையிலிருந்து பின்னோக்கி நீங்களே ஒருமுறை பாருங்கள். பக்கத்துப் பல்லில் உலோகத் தொப்பி இருந்தால் அதன் கோடுகள் கால்வாயை மறைக்கிறதா என்றும் பாருங்கள்.

மென்டல் துளைக்கு முன்னாடி இம்பிளான்ட் வெச்சா பயமில்லதானே?

பாதிதான் சரி. பலருக்கு நரம்பு துளையைத் தாண்டிச் சில மில்லிமீட்டர் முன்னால் போய், வளைந்து திரும்பி வந்துதான் வெளியேறுகிறது. இந்த வளையம் எவ்வளவு நீளம் என்பது ஆளுக்கு ஆள் மாறும், அதனால் பொதுவாக இத்தனை மில்லிமீட்டர் விட்டால் போதும் என்ற கணக்கை நம்பாமல் அந்த ஆளின் சிபிசிடியிலேயே அளக்க வேண்டும். அதற்கும் முன்னால் முன்பற்களுக்குப் போகும் மெல்லிய கால்வாய் தொடர்கிறது. அது பெரிதாக இருக்கும் ஆட்களுக்கு, இம்பிளான்ட் வைத்தபின் இனம்புரியாத வலி நீடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். நடுக்கோட்டில் நாக்குப் பக்கத்துத் துளை வழியாக ரத்தக்குழாய் நுழைகிறது. உட்பக்க எலும்பைத் துளைத்துவிட்டால் வாயின் அடித்தளத்தில் ரத்தம் கட்டி மூச்சையே அடைக்கும்.

கடவாய்ப்பல் இடத்துல ரெண்டு கால்வாய், ஒண்ணு மேல ஒண்ணு கீழ. இம்பிளான்ட்டுக்கும் கால்வாய்க்கும் நடுவுல விடுற 2 மில்லிமீட்டர் இடைவெளியை எதிலிருந்து அளக்கணும்?

மேலே இருப்பதிலிருந்துதான், அது ஓரக்கோட்டோடு தெளிவாகத் தெரிகிற அளவுக்குப் பெரிதாக இருந்தால். அதற்குள்ளும் நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கும். அப்படி அளந்தால் உயரம் போதாமல் போகலாம். குட்டை இம்பிளான்ட், கால்வாய் நாக்குப் பக்கம் ஒதுங்கியிருந்தால் கன்னப் பக்கமாக இடத்தை மாற்றுவது, எலும்பு சேர்ப்பது, இவை எதுவும் ஒத்துவரவில்லை என்றால் பிரிட்ஜ் என்று வரிசையாக யோசியுங்கள்.

மேல் கால்வாய் மயிரிழை போல மெல்லியதாக, ஒரு பல்லின் வேரோடு முடிகிற கிளையாக, அந்தப் பல்லும் ஏற்கெனவே போய்விட்டதாக இருந்தால், அனுபவமுள்ளவர்கள் சிலர் அதைக் கடந்து வைக்கிறார்கள். அப்படிச் செய்வதானால் துளையிடும்போது திடீரென்று ரத்தம் பொங்கலாம் என்பதற்குத் தயாராக இருங்கள். வந்திருப்பவரிடம் படத்தைத் திரையில் காட்டி, எந்த இடத்தில் எது போகிறது, என்ன ஆகலாம் என்று அவர் பேசும் தமிழிலேயே சொல்லி, அவர் சரி என்ற பிறகு டிரில்லைக் கையில் எடுங்கள்.